கால் யூனிட் கரண்ட்டில் ஒரு ரோபோ

பன்னிரண்டு வோல்ட், 18 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 216 வாட்-மணி வரும். மின்வாரியக் கணக்கில் கால் யூனிட்டுக்கும் குறைவு. வீட்டுச் சீலிங் ஃபேன் ஒன்றை இதை வைத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் சுற்றவிடலாம், அவ்வளவுதான். காசாகப் பார்த்தால் ஒரு டீக்குக்கூட வராது.

இந்தக் கால் யூனிட்டை நம்பித்தான் ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் குழுக்கள் ரோபோ கட்டுகின்றன. போட்டியின் பெயர் ‘ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன்’, சுருக்கமாக எஃப்.ஆர்.சி. விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகள். கனடா, இஸ்ரேல், துருக்கி, ஆஸ்திரேலியா என்று வேறு நாட்டுக் குழுக்களும் உண்டு. ரோபோவின் எடை ஒரு வளர்ந்த ஆளின் எடை. ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம். வசதியான பள்ளி, வசதியில்லாத பள்ளி எல்லாருக்கும் அதே ஈய-அமில பேட்டரி. ஆறு கிலோ கனம். ரோபோவுக்கு ஒன்றே ஒன்று. எந்த மோட்டார் வாங்கலாம், எத்தனை வைக்கலாம் என்பதிலெல்லாம் விதிகள் காலப்போக்கில் தளர்ந்துவிட்டன. பேட்டரி விஷயத்தில் மட்டும் பிடி விடவில்லை.

ரோபோ என்றதும் நமக்குச் செயற்கை நுண்ணறிவு, கேமரா, கோடிங் என்றுதான் மனம் ஓடுகிறது. இந்தப் பிள்ளைகளின் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் நடப்பது பெரும்பாலும் பங்கீடு. கரண்ட்டைப் பங்கிடுகிறார்கள், எடையைப் பங்கிடுகிறார்கள், நாட்களைப் பங்கிடுகிறார்கள். இருபதாம் தேதிக்கு மேல் நடுத்தரக் குடும்பத்தில் போடுகிற கணக்கு மாதிரி.

இதன் வேர் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு வகுப்பில் இருக்கிறது. வுடி ஃபிளவர்ஸ் என்ற இயந்திரவியல் பேராசிரியர் மாணவர்களுக்கு ஒரே மாதிரியான உதிரிச் சாமான்கள் போட்ட பெட்டியைக் கொடுப்பார். அதை வைத்து ஒரு கருவி செய்ய வேண்டும். பருவ முடிவில் கருவிகளை மோதவிடுவார்கள். பரீட்சை ஹாலில் கேட்காத கைதட்டல் அங்கே கேட்டது. கையடக்க இன்சுலின் பம்ப்பைக் கண்டுபிடித்த டீன் கேமன், 1989இல் ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பைத் தொடங்கியபோது ஃபிளவர்ஸ் அவருடன் கைகோத்தார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 குழுக்களோடு முதல் போட்டி. களம் முழுக்க மக்காச்சோள மணிகளைக் கொட்டிப் பரப்பி, அதில் டென்னிஸ் பந்து பொறுக்கவிட்டார்கள். அன்றிலிருந்து ஆட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. சீனியர்கள் விட்டுப்போன ரோபோவைத் தூசு தட்டி எடுத்துப் போக வழியே இல்லை.

முதல் நாள் ஸ்பேனருக்கு விடுமுறை

ஒரு பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 6, சனிக்கிழமை. விதிப்புத்தகம் பூட்டிய கோப்பாக முன்பே எல்லாருடைய கணினியிலும் இருக்கிறது. நேரலையில் ஆட்டத்தைக் காட்டிவிட்டுக் கடவுச்சொல்லை அறிவிக்கிறார்கள். அந்த ஆண்டு ஆட்டத்துக்கு ‘கிரெசென்டோ’ என்று பெயர். கச்சேரி மேடை மாதிரி ஒரு பாவனை. களம் 54 அடிக்கு 27 அடி, ஷட்டில் கோர்ட்டைவிட நன்றாகவே பெரிது, தரையில் கார்ப்பெட். பக்கத்துக்கு மூன்று ரோபோ. மூன்றும் சேர்ந்தால் ஒரு கூட்டணி. ஒன்று சிவப்பு, மற்றது நீலம். களத்தில் ஆரஞ்சு நிற ஃபோம் வளையங்கள் கிடக்கும். விட்டம் 14 அங்குலம், தடிமன் 2 அங்குலம். தண்ணீர்க் குடம் சுமக்கிறவர்கள் தலையில் வைக்கும் சும்மாட்டைப் பெரிதாக்கி ஆரஞ்சு வர்ணம் அடித்த மாதிரி. அதைப் பொறுக்கி, ஆள் உயரத்துக்கு மேலே வாய் திறந்திருக்கும் ‘ஸ்பீக்கர்’ என்ற பெட்டிக்குள் எறியலாம். அல்லது ஓரச் சுவரில் இருக்கும் ‘ஆம்ப்’ என்ற இடுக்கில் செருகலாம். கடைசியில் களத்தில் தொங்கும் சங்கிலியில் ரோபோ தன்னைத்தானே தூக்கிக்கொண்டு தொங்கினால் தனிப் புள்ளி. முதல் 15 வினாடி ரோபோ தன் புத்தியில் ஓட வேண்டும். அப்புறம் இரண்டேகால் நிமிடம் பிள்ளைகள் கையில் ஜாய்ஸ்டிக்.

அனுபவமுள்ள குழுக்களில் முதல் நாள் யாரும் ஸ்பேனரைத் தொடுவதில்லை. ஸ்கெட்ச் போடுவதுகூடக் கிடையாது. புள்ளிக் கணக்கு மட்டும்தான். ஜாய்ஸ்டிக் நேரத்தில் ஸ்பீக்கரில் போடும் வளையத்துக்கு 2 புள்ளி, ஆம்ப்பில் 1. அப்படியென்றால் ஆம்ப் எதற்கு என்று தோன்றும். அங்கேதான் கொக்கி இருக்கிறது. ஆம்ப்பில் இரண்டு போட்டுவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், அடுத்த 10 வினாடிக்குள் ஸ்பீக்கரில் விழும் நான்கு வளையங்கள் வரை ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. ஆறு வளையத்தையும் ஸ்பீக்கரிலேயே எறிந்தால் 12. இரண்டை ஆம்ப்பிலும் நான்கை அந்தப் பத்து வினாடிக்குள்ளும் போட்டால் 22. பத்து வினாடியில் நான்கு வளையம் எறிய ஒரு ரோபோவால் பெரும்பாலும் ஆகாது. இரண்டு ரோபோ தயாராக, வாயில் வளையத்தைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். ஆக, தனியாகக் கெட்டிக்காரனாக இருப்பதில் லாபம் குறைவு என்று விதிகளே சொல்லிவிடுகின்றன.

இந்தக் கணக்கிலிருந்துதான் ‘எது வேண்டாம்’ என்ற பட்டியல் பிறக்கிறது. புதுக் குழுக்கள் இடறி விழுவது இங்கேதான். எறியவும் வேண்டும், செருகவும் வேண்டும், தொங்கவும் வேண்டும், சங்கிலிக்கு அடியில் குனிந்து போகவும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, எதையும் உருப்படியாகச் செய்யாத ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவார்கள். நம் கல்யாணப் பந்தியில் இருபத்தேழு பதார்த்தம் போட்டு எல்லாம் ஆறிப்போயிருக்குமே, அதுபோல. டெக்சாஸைச் சேர்ந்த 118ஆம் எண் குழு ‘ரோபோனாட்ஸ்’ இதற்கென்றே ஆண்டுதோறும் ‘எவ்ரிபாட்’ என்ற எளிய வடிவமைப்பைச் செய்து காட்டி, வரைபடங்களை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. சாதாரணக் கைக்கருவிகளே போதும், செலவும் குறைவு. பெரிய குழு ஒன்று, தன்னோடு மோத வரப்போகிறவர்களுக்கே வரைபடம் கொடுக்கிறது என்பது முதலில் கேட்கும்போது வினோதமாக இருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

பம்பரமும் ஆயில் இன்ஜினும்

அடுத்த சில நாட்களுக்குப் பட்டறை, தச்சாசாரி வீட்டு முற்றம் மாதிரி ஆகிவிடும். பிளைவுட் துண்டுகள், ஜி-கிளாம்ப், கையில் பிடிக்கும் டிரில் மெஷின், ரப்பர் சக்கரங்கள். இரண்டு உருளைகளுக்கு இடையில் வளையத்தை நுழைத்து எறிந்து பார்க்கிறார்கள். இடைவெளி 2 அங்குலம் வைத்தால் வளையம் வழுக்கிக்கொண்டு வெளியே விழுகிறது. கால் அங்குலம் குறைத்தால் பிடிக்கிறது. இன்னும் குறைத்தால் ஃபோம் நசுங்கி, கடித்த பன் மாதிரி பிய்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த அளவு இருக்காது. பிளைவுட்டில் வேறு வேறு ஓட்டை போட்டுப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உருளை சுற்றும் வேகத்தைப் பார்ப்போம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் ஓடும். வளையம் அதைத் தொட்ட கணத்தில் அந்த வேகத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொண்டு பறக்கிறது. பிடுங்கியது போக மிச்ச வேகத்தில் சக்கரம் தளர்ந்துபோகும். அது பழைய வேகத்துக்கு வருவதற்குள் அடுத்ததை எறிந்தால் குறி தாழும். கிணற்றடி ஆயில் இன்ஜினில் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று இருக்குமே, அது எதற்கு? வேலைப் பளு திடீரென்று ஏறும்போது வேகம் விழாமல் தாங்க. இங்கேயும் அதே உபாயம்தான். கொஞ்சம் கனமான சக்கரம் வைத்தால் வேகம் குறைவாக விழும். ஆனால் முதலில் வேகமெடுக்க நேரம் ஆகும், எடையும் கூடும். மறுபடி பங்கீடு.

வளையத்தை நேராக எறிந்தால் அது காற்றில் தள்ளாடும். அந்தப் பருவத்தில் பல குழுக்கள் ஒரே விடையைத் தனித்தனியே கண்டுபிடித்தன. இடப்பக்கச் சக்கரத்தையும் வலப்பக்கச் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவது. ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளப்படுவதால் வளையம் தட்டு மாதிரி சுழன்றுகொண்டே போகும். சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது. பம்பரம் ஒற்றை ஆணியில் நிற்பது இந்த விதியால்தான். மண்தரையில் பம்பரம் விட்ட பையனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; சமன்பாட்டை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அடிச்சட்டத்திலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு, பார்த்தால் தெரியாது. போட்டி அமைப்பு தருகிற சாமான் பெட்டியில் வரும் சட்டத்துக்குப் பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு சக்கரம். எதற்கும் ஸ்டியரிங் இல்லை. வலப்பக்கத்தை முன்னாலும் இடப்பக்கத்தைப் பின்னாலும் சுற்றினால் வண்டி நின்ற இடத்தில் திரும்ப வேண்டும். ஆனால் ஆறும் ஒரே மட்டத்தில் இருந்தால் முனைச் சக்கரங்கள் பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டு அடம்பிடிக்கும். பத்துச் சக்கர லாரி குறுகலான தெருவில் திரும்பும்போது பின் டயர்கள் கிறீச்சிட்டுத் தார்ச்சாலையை உரசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதனால் நடுச் சக்கரத்தை மட்டும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கீழே இறக்கியிருப்பார்கள். இப்போது எந்த நேரத்திலும் நான்கு சக்கரம்தான் தரையில் அழுந்தும், திரும்புவது லேசாகிவிடும். ஒரு தீக்குச்சிக் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகமான இடைவெளி, அவ்வளவுதான். வசதியான குழுக்கள் இப்போது நான்கு சக்கரத்தையும் தனித்தனி மோட்டாரால் எந்தத் திசைக்கும் திருப்புகிற ‘ஸ்வெர்வ்’ முறைக்குப் போய்விட்டன. நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். எட்டு மோட்டார், அதற்கேற்ற செலவு.

எடையில் ஒரு வரம்பு. 2024இல் பேட்டரியும் சுற்றுத் தடுப்பும் நீங்கலாக 125 பவுண்டு, அதாவது 57 கிலோவுக்குள். எல்லாம் சேர்த்து 68 கிலோ என்று வைத்துக்கொண்டு, நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 690 ஜூல். மூன்றாவது மாடியிலிருந்து ஏழு கிலோ பூசணிக்காயைப் போட்டால் தரையில் விழும்போது என்ன ஆற்றல் இருக்குமோ, அது. இந்த மோதலைத் தாங்குகிற சுற்றுத் தடுப்பு என்பது பிளைவுட் பலகை, அதன்மேல் நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் ஃபோம் குழாய், அதற்குமேல் சிவப்பு அல்லது நீலத் துணி. விண்வெளி நிறுவனப் பொறியாளர்கள் வழிகாட்டுகிற குழுவிலும் இந்தத் துணியைத் தைக்க ஒரு தையல் மெஷின் இருக்கும்.

கனமானதெல்லாம் கீழே போக வேண்டும் என்பது அடுத்த சட்டம். உயரக் கை நீட்டியபடி வேகமாகத் திரும்பினால் ரோபோ குப்புற விழும். விழுந்த ரோபோவைத் தூக்கிவிட ஆட்டம் முடியும்வரை யாரும் களத்துக்குள் போக முடியாது. பேட்டரி ஆறு கிலோ என்பதால் அதை அடித்தட்டில் வைப்பார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்கிறவர் அடியில் களிமண்ணை அப்புவது எதற்கோ, அதற்குத்தான்.

நிறைந்த தொட்டி, சொட்டும் ஷவர்

பேட்டரிக்குத் திரும்பி வருவோம். கால் யூனிட் என்றதும் அது தீர்ந்துபோகும் என்று நினைக்கத் தோன்றும். தீராது. இரண்டரை நிமிடத்தில் அதில் ஒரு பங்குதான் செலவாகும். அடுத்த ஆட்டத்துக்கு வேறு பேட்டரி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பித்தான் இருக்கும். கீழே சமையலறை, துணி துவைக்கும் இடம், தோட்டம் என்று நாலு குழாயை ஒரே நேரத்தில் திறந்தால் குளிக்கிறவர் தலையில் ஷவர் சொட்டும். ஒரு நொடிக்குள் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது.

நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும்போதுதான் அகோரப் பசி. சுற்ற ஆரம்பித்துவிட்டால் மோட்டாரே ஒரு ஜெனரேட்டர் மாதிரி எதிர் மின்னழுத்தம் உண்டாக்கி, வரும் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். நிற்கும்போது அந்தத் தடை இல்லை. போர்வெல் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கி எழுவது இதனால்தான். ரோபோவை ஓட்டும் மோட்டார்கள் ஒவ்வொன்றும், கட்டுப்படுத்தாவிட்டால், கிளம்பும்போது நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்.

பேட்டரிக்கு உள்ளேயும் கம்பிகளிலும் கொஞ்சம் மின்தடை உண்டு. எல்லாம் சேர்த்து 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே இல்லாத மாதிரி ஓர் எண். அதன் வழியாக 200 ஆம்பியர் பாய்ந்தால் நான்கு வோல்ட் அங்கேயே தொலைகிறது. பன்னிரண்டு எட்டாகிவிடும். முந்நூறை நெருங்கினால் ஆறு சொச்சம். ஏழு வோல்ட்டுக்குக் கீழே ஓர் அளவுக்கு இறங்கியதும், ரோபோவின் மூளையான ‘ரோபோரியோ’ என்ற கட்டுப்பாட்டுக் கணினி தான் பிழைக்க வேண்டி மோட்டார்களுக்குப் போகும் ஆணையை நிறுத்திவிடும். மோட்டார் நின்றதும் வோல்ட் ஏறும். மறுபடி ஆணை போகும். மறுபடி வோல்ட் விழும். களத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் ரோபோவுக்கு விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். அதனால் எந்த மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் வரை என்று புரோகிராமில் முன்கூட்டியே ரேஷன் போட்டுவிடுகிறார்கள். ஓடும்போது எறியும் சக்கரத்துக்கு எவ்வளவு, தொங்கும்போது மற்றதையெல்லாம் எப்படி வாயடைப்பது என்பதெல்லாம் அதில் அடக்கம்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்ட பிறகும் ஆளைக் கவிழ்ப்பது ஒரு நட்டு. போன கோடையில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் ஃபேனை நாலு சுற்று சுற்றவிட்டு அணைந்துபோனது. பேட்டரி செத்துவிட்டது, புதிது வாங்கியாக வேண்டும் என்று மனதளவில் பணம்கூட எடுத்துவைத்துவிட்டேன். வந்த எலெக்ட்ரீஷியன் டெர்மினலில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, நட்டை அரைச் சுற்று முறுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவிவிட்டு, “அவ்ளோதான் சார்” என்று கிளம்பினார். ரோபோவிலும் இதே கதை, பத்து மடங்கு உக்கிரமாக. பேட்டரி டெர்மினலில், கம்பி முனையில் மாட்டும் ‘லக்’ என்ற உலோக வளையம் சரியாக நசுக்கப்படாமல் 0.01 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். இருநூறு ஆம்பியர் பாயும்போது அந்த ஓர் இடுக்கில் மட்டும் இரண்டு வோல்ட் போய்விடும். 400 வாட் சூடாக வெளிவரும். மிக்ஸி ஒன்று சட்னி அரைக்க இழுக்கிற அளவு மின்சாரம், ஒரு போல்ட்டின் கழுத்தில் வெந்துகொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு லக்கையும் கையால் பலமாக இழுத்துப் பார்ப்பது இந்தக் குழுக்களில் சடங்கு மாதிரி ஒரு பழக்கம். கழன்று வந்தால் நல்லது, பட்டறையிலேயே வந்துவிட்டதே!

மெல்லிய கம்பி இன்னும் மோசம். மோட்டார்களுக்கு ஆணை கொண்டுபோவது மஞ்சளும் பச்சையுமாக முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பி. கார்களுக்காக 1980களில் ‘பாஷ்’ நிறுவனம் உருவாக்கிய ‘கேன்’ என்ற முறை. கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகும். நடுவில் ஓர் இடத்தில் விட்டுப்போனால் அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் பேச்சு மூச்சு இல்லாமல் போகும். கோயில் திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே இருண்டுவிடுமே, அந்தப் பாடு. எந்தப் பல்பு என்று தேடுகிற எரிச்சலும் அப்படியே.

கடைசியில் வரும் புரோகிராமர்

எல்லாக் குழுக்களிலும் ஒலிக்கும் ஒரு புலம்பல்: புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ரோபோ கிடைப்பதே கடைசியில்தான். வடிவமைப்பு மூன்று நாள் தள்ளிப்போகும், அறுப்பது நாலு நாள், வயரிங் இரண்டு நாள். இத்தனை பேர் தின்றது போக மிச்ச நேரம்தான் அவர்களுக்கு. 2019 வரைக்கும் இன்னும் கொடுமை. ஆட்டம் அறிவித்து ஆறு வாரத்துக்குப் பிறகு, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நள்ளிரவில், ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு எண்ணிட்ட பூட்டு மாட்டிவிட வேண்டும். பெரும்பாலும் போட்டிக் கூடத்தில்தான் பிரிக்கலாம். வசதியுள்ள குழுக்கள் அதே மாதிரி இரண்டாவது ரோபோ ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு பழகின. இல்லாதவர்கள் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2020 பருவத்திலிருந்து பையை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

புரோகிராமர்களின் வேலை ஒன்றை மட்டும் பார்ப்போம். ரோபோவின் கை 40 டிகிரியில் நிற்க வேண்டும். எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு பலம் கொடு என்று சொன்னால், கை மேலே போகும். குறி நெருங்க நெருங்கப் பலம் குறையும். கடைசியில் தன் பாரமும் மோட்டார் பலமும் சமமாகிக் குறிக்குக் கீழேயே நின்றுவிடும். பலத்தைக் கூட்டினால் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, ஊஞ்சலாடும். இதற்கு விடை, தண்ணீர் வாளியைத் தூக்கி நிற்கிற நம் கையிலேயே இருக்கிறது. வாளி அசையாமல் நிற்கும்போதும் கை சும்மா இல்லை. பாரத்துக்குச் சமமான பலத்தை முன்கூட்டியே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதுபோலப் புவியீர்ப்புக்குச் சரியான மின்னழுத்தத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு, மிச்சத் திருத்தத்தை மட்டும் விலகலைப் பார்த்துச் செய்கிறார்கள். வேகமாக நெருங்கினால் கொஞ்சம் பிரேக் பிடிக்க இன்னோர் எண். இந்த எண்களைத் தேடி இரவு பதினொரு மணிவரை ஒரே கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து எத்தனை போன் வருமோ!

களத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று ரோபோவுக்குத் தெரிய வேண்டும். சக்கரச் சுற்றை எண்ணலாம். ஆனால் மோதலில் சக்கரம் வழுக்கினால் கணக்கு தப்பும். 2023இலிருந்து களத்துச் சுவர்களில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட சதுர அட்டைகளை ஒட்டுகிறார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இவற்றுக்கு ‘ஏப்ரல்டேக்’ என்று பெயர். கேரம்போர்டு மேலிருந்து பார்த்தால் சதுரம். மூலையில் உட்கார்ந்து பார்க்கிறவன் கண்ணுக்குக் கோணலான நாற்கரம். கேமரா அந்தக் கோணலை அளந்து, சதுரம் இப்படித் தெரிய வேண்டுமானால் நான் எங்கே நிற்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. சக்கரமும் கேமராவும் இரண்டு சாட்சிகள். ஒருவர் தொடர்ந்து பேசுவார், மெல்ல மெல்லத் தப்புச் சொல்வார். மற்றவர் எப்போதாவது பேசுவார், தூரத்தில் இருந்தால் உளறுவார். யார் பேச்சுக்கு எப்போது எவ்வளவு மதிப்பு என்று எடைபோட்டுச் சேர்க்கும் கணிதம் 1960இல் ருடால்ஃப் கால்மன் எழுதியது. அப்போலோ விண்கலங்களுக்கு வழி சொன்னதும் அதுதான்.

கூட்டணி தர்மம்

போட்டிக் கூடத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு ‘பிட்’, கார் பந்தயத்தில் இருக்குமே, அதுபோல. தொடக்க ஆட்டங்களில் யாரோடு யார் கூட்டு என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். நம் அரசியலைப் போலவே, காலையில் தோளோடு தோள் நின்றவர் மத்தியானம் எதிரே நிற்பார். ஒலிபெருக்கியில், இன்ன எண் குழுவுக்கு இன்ன மோட்டார் கன்ட்ரோலர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தால் சில நிமிடங்களில் யாராவது எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர்களையே எதிர்க்கப்போகிறவர்களாகவும் இருக்கலாம். மோதும்போதும் மரியாதை குறையாத இந்தப் பண்பைத்தான் ஃபிளவர்ஸ் போட்டியின் அடிப்படையாக வலியுறுத்தி வந்தார். நல்ல மனசு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விதியும் அதற்குத் தோதாக எழுதப்பட்டிருக்கிறது: இன்று நீ உதவாததால் ஓடாமல் கிடக்கும் ரோபோ, நாளை உன் கூட்டணியில் வந்து ஓடாமல் கிடக்கும். இலவச வரைபடத்தின் மர்மமும் இதுதான்.

கடைசிக் கட்டத்துக்கு முன் முதல் எட்டு இடத்தில் இருக்கும் குழுக்கள் தங்கள் கூட்டாளிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும். இதற்காகவே பார்வையாளர் வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்து, களத்தில் ஓடும் ஆறு ரோபோக்களை ஆளுக்கொன்றாகக் கண்கொட்டாமல் பார்த்துக் குறிக்கிறார்கள். எத்தனை எறிந்தது, எத்தனை விழுந்தது, எங்கே நின்றுபோனது. நாள் முழுக்க. இவர்கள் ஸ்பேனரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்; ஆனால் தொகுதிப் பங்கீட்டு மேசைக்கு இவர்கள் தாளோடுதான் கேப்டன் போவார். அலங்காரமாகப் பத்து வேலை செய்து இரண்டு ஆட்டத்தில் செத்துக் கிடந்த ரோபோவைவிட, ஒரே வேலையை எல்லா ஆட்டத்திலும் செய்த சின்ன ரோபோ அந்தத் தாளில் மேலே இருக்கும்.

இந்தச் சமத்துவத்துக்கு ஓர் எல்லை இருப்பதையும் சொல்ல வேண்டும். பதிவுக் கட்டணம் மட்டும் பல ஆயிரம் டாலர். மோட்டார், அலுமினியம், பயணம் எல்லாம் அதற்கு மேல். பெரிய நிறுவனம் பின்னால் நிற்கிற குழுவிடம் கணினி இயக்கும் அறுப்பு இயந்திரம் இருக்கும். இன்னொரு குழு ஒரே டிரில்லை முறை போட்டுப் பயன்படுத்தும். வழிகாட்டும் பொறியாளர் ஆலோசனை சொல்கிறாரா, தானே கட்டிவிடுகிறாரா என்ற சண்டையும் தீர்ந்தபாடில்லை. பேட்டரி என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்தப் பேட்டரிகளின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி எண்ணும் வாங்கிய வருஷமும் எழுதியிருக்கும். புதியவை பெரிய ஆட்டங்களுக்கு. இரண்டு மூன்று வருஷமானவை தொடக்க ஆட்டங்களுக்கு. அதற்கும் பழையவை பட்டறைப் பயிற்சிக்கு. ஆட்டம் முடிந்து வந்ததும் கழற்றி, சூடு தணியவிட்டு, சார்ஜரில் போடுகிறார்கள். அடுத்ததை ஏற்றி, மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள்: பன்னிரண்டே முக்கால் வோல்ட். பட்டையை இறுக்கியாயிற்று. களத்துக்குப் போகும் வரிசையில் தள்ளுவண்டி நகர்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வண்டியோடு நடந்துகொண்டே, குனிந்து, மஞ்சள்-பச்சைக் கம்பியின் ஒவ்வொரு முனையையும் விரலால் சுண்டி இழுத்துப் பார்க்கிறாள். ஏழாவதில் கை நிற்கிறது. பின்னால் திரும்பி, டேப் கேட்கிறாள்.